பிலிச்சா, ஸ்டிமாக்கா: ஒரே அணியில் வளர்ந்த இரு தடுப்பாட்டக்காரர்கள்

பள்ளிச் சிறுவர்களுக்குக் கால்பந்தில் தடுப்பாட்டம் கற்பிக்கத் தொடங்கியபோது, யாருடைய ஆட்டங்களைப் பாடமாகப் போட்டுக் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியின் பின்வரிசையில் நின்ற ஸ்லாவன் பிலிச், இகோர் ஸ்டிமாக் ஆகிய இருவரில் யாரைக் கொள்வது என்று நெடுநாள் தயங்கிய பின், நான் ஸ்டிமாக்கைத் தேர்ந்தேன்.

இருவரும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். குரோஷியாவின் ஹைடுக் ஸ்பிளிட் அணியில் உருவாகி, வெளிநாடுகளில் ஆடிவிட்டு, அங்கேயே திரும்பி வந்து ஆட்ட வாழ்வை முடித்தவர்கள். நாட்டுக்காக ஸ்டிமாக் 53 ஆட்டங்களும் பிலிச் 44 ஆட்டங்களும் ஆடினார்கள் என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது.

எதிரணியின் முன்கள வீரரை ஒட்டி நின்று மறிப்பதிலும், உயரமாக வரும் பந்தைத் தலையால் வெல்வதிலும் பிலிச்சே சிறந்தவர். இடுப்புக் காயத்தைப் பொருட்படுத்தாமல் அவர் 1998 உலகக் கோப்பையில் ஆடியதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதன் விலை பெரிது. இங்கிலாந்தின் எவர்டன் அணிக்காக அவரால் 28 லீக் ஆட்டங்களே ஆட முடிந்தது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ அணியில் அவர் இருந்த காலத்தில் சில ஆட்டங்களை மட்டுமே நான் பார்த்திருப்பதால், என் மதிப்பீடு அவருக்குச் சற்றுக் குறைவாக அமைந்திருக்கவும் கூடும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: ஒருவர் வந்து சேர்ந்ததும் அவரைச் சுற்றி நிற்பவர்களின் ஆட்டம் என்ன ஆகிறது என்பது. 1995 நவம்பரில், இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த டெர்பி கவுண்டிக்காக ஸ்டிமாக் முதன்முதலில் களமிறங்கிய ஆட்டத்தில், அவர் ஒரு கோல் அடித்தும், அணி ட்ரான்மியரிடம் 1-5 என்று தோற்றது. அதன்பின் அதே அணி தொடர்ந்து 20 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல், இரண்டாம் இடம் பிடித்து 1996-இல் முதல் நிலையான பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. மூவர் கொண்ட பின்வரிசையின் நடுவில் நின்ற அவர், பந்தைத் துரத்தி ஓடுவதைவிட, அது வந்து சேரும் இடத்தை முன்னரே கணித்து அங்கே நிற்பதையும், பக்கத்தில் இருப்பவர்களைக் கையசைத்து நகர்த்துவதையும், பறித்த பந்தைக் கண்மூடித்தனமாக உதைத்துவிடாமல் சக வீரரிடம் சேர்ப்பதையும் தம் வேலையாகக் கொண்டார். வேகம் குறைந்த சிறுவனும் கற்றுக்கொள்ளக்கூடிய திறமை இது. பிலிச்சின் உடல்வலு அப்படிக் கற்பித்து வருவதன்று.

ஸ்டிமாக்கிடமும் குறைகள் உண்டு. டெர்பியில் காயங்களால் அவர் பல ஆட்டங்களில் ஆட முடியாமல் போனது. 1996 ஐரோப்பியக் கோப்பையின் (யூரோ 96) காலிறுதியில் ஜெர்மனியுடன் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது அவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, சில நிமிடங்களில் ஜெர்மனி வெற்றிக் கோலை அடித்தது. பிலிச்சின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது வேறொரு சிவப்பு அட்டை: 1998 அரையிறுதியில் அவர் முகத்தைப் பிடித்தபடி விழ, பிரான்சின் லோரான் பிளாங்க் வெளியேற்றப்பட்டு, இறுதி ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பையும் இழந்தார். இரண்டையும் சிறுவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பயிற்சியாளர் பணியில் பிலிச்சின் கை ஓங்கியிருக்கிறது. 2007-இல் வெம்பிளியில் இங்கிலாந்தை 3-2 என்று வென்ற குரோஷியா அவருடையது. 2019 முதல் 2024 வரை இந்திய அணியைப் பயிற்றுவித்த ஸ்டிமாக், இரு முறை தெற்காசியக் கோப்பையை வென்று தந்தார். ஆனால் என் தேர்வு ஆட்டக்காரரைப் பற்றியது. இப்போதும் கார்னர் பந்துகளைத் தலையால் வெளியேற்றும் பாடத்துக்கு மட்டும் பிலிச்சின் ஆட்டங்களைக் காட்டுகிறேன். மற்ற நாட்களில் ஸ்டிமாக்கின் ஆட்டங்கள்தான்.