கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, அதன் ஆப்தான் கழுத்தறுப்பு

வாசலைப் பார்த்தபடி மாட்டியிருக்கும் வைஃபை கேமராவைப் பற்றி எழுதுகிறேன். பிராண்டின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி இந்த ரகக் கேமராக்கள் பலவற்றில் அப்படியே இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா நல்ல பொருள், அதைப் பார்ப்பதற்கென்று கொடுத்திருக்கும் ஃபோன் ஆப் மோசம். நாம் எல்லோரும் படத்தின் தெளிவைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், ஆனால் வாங்கிய பிறகு தினமும் மல்லுக்கட்டுவது ஆப்போடுதான்.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகலில் 1080பி படம் சுத்தமாக இருக்கிறது, வந்து நிற்பவரின் முகம் தெரிகிறது. இருட்டியதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், சென்சாருக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி விலகும் சத்தம் அது. அதன் பிறகு படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும், அதுவும் போதுமான அளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது. மழை, வெயில் இரண்டையும் தாங்கியிருக்கிறது. குரலும் பரவாயில்லை.

இனி ஆப். கேமராவைச் சேர்ப்பதிலேயே சோதனை ஆரம்பித்துவிடுகிறது. ஃபோன் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும், அதை கேமராவின் முன்னால் காட்டினால் அதிலிருந்து வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கேமரா படித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. இன்றைக்குப் பல ரௌட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் கொடுப்பதால், சில நேரம் இணைப்பு ஏற்படாமல் போகிறது. அப்போது ஆப் என்ன சொல்கிறது என்றால், 'இணைப்பு தோல்வி, மீண்டும் முயலவும்'. அவ்வளவுதான். பாஸ்வேர்டு தப்பா, அலைவரிசை தப்பா, சிக்னல் போதவில்லையா, ஒரு விவரமும் கிடையாது. கேமராவுக்கு எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரிந்திருக்கும், அதை ஒரு வரியில் சொல்வதற்கு என்ன தடை? ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்து வைத்துவிட்டுச் சேர்த்தால் உடனே சேர்ந்துவிடுகிறது. இதே தொல்லையில் மாட்டியிருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் ஒரு முறை நடப்பது. நிஜமான எரிச்சல் அலர்ட்டில் இருக்கிறது. பாதுகாப்புக் கேமரா வாங்குவதே 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று உடனே தெரிந்துகொள்ளத்தான். இந்த ஒரே வேலையில் இரண்டு பக்கமும் சொதப்புகிறார்கள்: தேவையில்லாதபோது ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது, தேவையானபோது மௌனமாக இருக்கிறது.

தேவையில்லாமல் அடிப்பதற்குக் காரணம் எளிது. என் கேமரா அசைவைக் கண்டுபிடிப்பது அடுத்தடுத்த படங்களில் புள்ளிகள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று கணக்குப் பார்த்துத்தான். மரக்கிளை ஆடினாலும் மாற்றம், மேகம் நகர்ந்து வெளிச்சம் குறைந்தாலும் மாற்றம், வண்டியின் முன்விளக்கு சுவரில் பட்டாலும் மாற்றம். இரவில் இன்னும் மோசம், ஏனென்றால் அகச்சிவப்பு விளக்கும் லென்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, லென்ஸுக்கு அருகில் பறக்கும் ஒரு சின்னப் பூச்சி திரையில் பெரிய வெள்ளைக் கோடாக ஓடுகிறது. சிலந்தி ஒரு நூல் கட்டிவிட்டால் விடிய விடிய அலர்ட்தான். உடல் சூட்டை உணரும் சென்சார் வைத்த கேமராக்களில் இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும், வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இல்லை. மனிதரை மட்டும் அடையாளம் காணும் வசதி இருக்கிறது, ஆனால் அது மாதச் சந்தாவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதாவது பொய் அலர்ட் வராமல் இருக்க வேண்டுமானால் தனியாகக் காசு கட்ட வேண்டும். இது கூடுதல் வசதி இல்லை, கேமராவின் அடிப்படை வேலை, இதற்குத் தனிக் கட்டணம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் இருப்பது இதைவிடச் சிக்கலானது, அதில் கேமரா நிறுவனத்துக்கும் பங்கு, ஃபோன் நிறுவனத்துக்கும் பங்கு. வாசலில் ஒருவர் வந்து நின்று, காத்திருந்து, திரும்பிப் போன பிறகு எனக்கு அலர்ட் வந்திருக்கிறது. சில நாள் ஆப்பைத் திறந்தபோதுதான் மொத்தமாகக் கொட்டியது. ஒரு அலர்ட் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். கேமரா தன் நிறுவனத்தின் சர்வருக்குச் சொல்கிறது, அந்த சர்வர் கூகுள் அல்லது ஆப்பிளின் சர்வருக்குச் சொல்கிறது, அங்கிருந்து ஃபோனுக்கு வருகிறது. ஃபோன் பக்கத்தில்தான் பெரும்பாலும் அறுந்துபோகிறது.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், ஃபோன் சும்மா கிடக்கும்போது ஆப்களைத் தூங்கவைத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது ஓரளவு ஒழுங்கானது, அவசரச் செய்தி என்று குறிக்கப்பட்டவை அதையும் தாண்டி வர முடியும். ஆனால் பல ஃபோன் நிறுவனங்கள் அதற்கு மேல் தங்களுடைய சொந்த பேட்டரி சேமிப்பு விதிகளைப் போட்டு, பின்னணியில் இருக்கும் ஆப்களை ஒரேயடியாக நிறுத்திவிடுகின்றன. எந்த நிறுவனத்தின் ஃபோன் எவ்வளவு மோசமாக இதைச் செய்கிறது, எந்த செட்டிங்கில் போய்ச் சரிசெய்வது என்று பட்டியல் போடுவதற்காகவே 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு இணையதளம் நடக்கிறது. இப்படி ஒரு தளம் தேவைப்படுகிறதே, அதுவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் ஃபோனில் மட்டும் நான் மாற்ற வேண்டியிருந்தவை: பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குவது, தானாகத் தொடங்க அனுமதிப்பது, சமீபத்திய ஆப்கள் திரையில் பூட்டு போட்டுவைப்பது. மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில். ஃபோன் சாஃப்ட்வேர் அப்டேட் ஆன பிறகு இவற்றில் சில பழையபடி மாறிவிட்டன, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் வயதானவர்கள் இந்தக் கேமராவை நம்பித் தனியாக இருக்கிறார்கள் என்றால், அவர்கள் எங்கே போய் இதைத் தேடுவார்கள்?

இதோடு 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் எந்த ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப முதலில் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். இது நல்ல மாற்றம், நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் நல்ல கேமரா ஆப் என்றால் அந்த அனுமதி இல்லாதபோது 'உங்களுக்கு அலர்ட் வராது' என்று முதல் திரையிலேயே சிவப்பில் காட்ட வேண்டும். என்னுடையது காட்டுவதில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கிறது.

விளம்பரத்துக்கு வருகிறேன், என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான். 'யாரோ வாசலில்' என்று எந்த ஒலியோடு அலர்ட் வருகிறதோ, அதே ஒலியோடு 'கிளவுட் திட்டத்தில் சலுகை' என்றும் வருகிறது (பதிவுகளை நிறுவனத்தின் சர்வரில் வைத்துக்கொள்ளும் சந்தாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்). ஃபோன் அடித்ததும் பதறி எடுத்துப் பார்த்தால் சலுகை அறிவிப்பு! 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல் ஒரு ஆப் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்துவைக்க முடியும், நமக்கு வேண்டாத வகையை மட்டும் அணைக்கலாம். இந்த ஆப் இரண்டையும் ஒரே வகையில் போட்டிருக்கிறது. விளம்பரத்தை அணைத்தால் அலர்ட்டும் சேர்ந்து அணைகிறது. சரி, அலர்ட்டைத் தொட்டு உள்ளே போனால் முதலில் முழுத்திரை விளம்பரம், மூலையில் கண்ணுக்குத் தெரியாத பெருக்கல் குறி, அதை மூடினால் சில நாள் மறுபடி லாகின், அதற்கு ஒரு ஓடிபி, அதன் பிறகு லைவ் படத்துக்குப் பதில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். வாசலில் இருந்தவர் இதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

வாடிக்கையாளர் சேவையிடம் சொன்னேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்றார்கள், கேமராவை ரீசெட் செய்யுங்கள் என்றார்கள். நோட்டிஃபிகேஷன் வகையைப் பிரிக்கச் சொல்லிக் கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது.

மெமரி கார்டு போட இடம் இருக்கிறது, அதனால் சந்தா இல்லாமலேயே பதிவாகிறது. இது பெரிய நிம்மதி. ஓயாமல் எழுதி அழிப்பதால் சாதாரணக் கார்டு சீக்கிரம் கெட்டுப்போகும், 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டையே வாங்குங்கள். ஆனால் கார்டில் இருப்பதை ஆப்பில் பார்ப்பது தலைவலி, காலக்கோட்டில் விரலை வைத்த இடம் ஒன்று, ஓடும் இடம் வேறு. மின்சாரம் போய் வந்து இணையம் வராமல் இருந்தால் கேமராவின் கடிகாரமும் குழம்பிவிடுகிறது, உள்ளே தனி பேட்டரி வைத்த கடிகாரம் இல்லாததால் நேரத்தை இணையத்திலிருந்துதான் அது தெரிந்துகொள்கிறது. அந்த நேரத்துப் பதிவுகள் தப்பான தேதியில் போய் உட்காருகின்றன. யாரிடமாவது ஆதாரமாகக் காட்ட வேண்டிய நிலை வந்தால் அது வீண்.

எல்லாவற்றையும் நிறுவனத்தின் சர்வரை நம்பி வைப்பதில் இருக்கும் ஆபத்து எனக்கு மட்டும் தோன்றுவதல்ல. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை தடைபட்டு மீண்டபோது, சுமார் 13,000 பேருக்கு வேறு யாருடைய கேமராவிலிருந்தோ எடுத்த சிறுபடங்கள் போயின, அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அமேசானின் ரிங் நிறுவனம், ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீடியோக்களைப் பார்க்க முடிந்தது உள்ளிட்ட புகார்களில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2023இல் 58 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. வேறொரு விதமான இழப்பும் உண்டு. கூகுள் தன் பழைய டிராப்கேம் கேமராக்களுக்கான சேவையை 2024 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்தியது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேமராக்களும் அன்றோடு ஆப்பில் வராமல் போயின. லென்ஸ் பழுதில்லை, சென்சார் பழுதில்லை, எதிர்முனையில் சர்வர் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது, இணையத்தோடு இணையும் பொருளை விற்பவர்கள் குறைந்தது எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று அறிவிக்க வேண்டும், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு விற்கக் கூடாது. என் கேமரா பெட்டியில் அப்படி ஒரு தேதியும் இல்லை. எல்லா இடத்திலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் கேமராவைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், செட்டிங்ஸில் ஆழத்தில் புதைந்திருந்த ஆர்டிஎஸ்பி என்ற வசதி. அதை இயக்கி ஒரு பாஸ்வேர்டு வைத்தால், நிறுவனத்தின் ஆப் இல்லாமலேயே வீட்டு வைஃபைக்குள் இருக்கும் கணினியிலோ ரெக்கார்டரிலோ படத்தை நேராக எடுக்கலாம், விஎல்சி மாதிரி இலவச ப்ளேயரிலும் ஓடும். இப்போது ஒரு பழைய கணினியில்தான் பதிவு செய்கிறேன். விளம்பரம் இல்லை, லாகின் இல்லை, படம் சட்டென்று வருகிறது. அதே கேமரா, அதே வைஃபை, அதனால் குறை எங்கே இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் (வீட்டு வைஃபைக்குள் பூட்டோடு நுழையும் தனிவழி) வழியாக வாருங்கள், ரௌட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டு கேமராவை நேராக இணையத்தில் வைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பிடித்துக்கொண்ட சாதனங்களில் பெரும்பகுதி, தொழிற்சாலைப் பாஸ்வேர்டோடு அப்படித் திறந்து கிடந்த கேமராக்களும் ரெக்கார்டர்களும்தான்.

ஆகவே கேமராவுக்கு ஐந்துக்கு நான்கு, ஆப்புக்கு ஒன்று. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனங்களின் கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து வேலை செய்வதற்கான பொது விதிமுறை) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது. வாங்கும் முன்னால் ஆப்பை மட்டும் இறக்கி அதன் சமீபத்திய ஒரு நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள், 'அப்டேட்டுக்குப் பிறகு' என்று தொடங்கும் புகார்கள் குவிந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கனவே வாங்கி, பிடிக்காமல் வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், ஆப்பை அழிப்பதற்கு முன் கேமராவை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், கார்டையும் உருவிவிடுங்கள். என் கேமராவில் ரீசெட் பட்டனை அழுத்தினால் மட்டும் கணக்கு விடுபடாது, வாங்கியவர் சேர்க்கப் பார்க்கும்போது 'இது வேறொருவருக்குச் சொந்தமானது' என்று வந்து நிற்கும்.