'கார்பன்' விங்லெட் வாங்கும் முன் ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள்

ரேஸ் ஃபேரிங் (பைக்கைச் சுற்றி மாட்டும் மேலுறை), அதில் நீட்டி நிற்கும் சின்ன இறக்கையான விங்லெட் எல்லாம் வாங்க யோசிப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 38,000 ரூபாய் போச்சு.

என்னிடம் இருப்பது 400 சிசிக்கும் குறைந்த வண்டி. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் ஸ்ட்ரெய்ட்டில் 150ஐத் தொட்டாலே எனக்குத் தீபாவளி. சென்னையில் ஃபேரிங் செய்து தரும் ஒருவர், "அண்ணா, முழுக்க கார்பன் ஃபைபர், ரெண்டு விங்லெட்டும் சேர்த்து. 120ல போனாலே 20 கிலோ டவுன்ஃபோர்ஸ், முன் வீல் தூக்கவே தூக்காது" என்றார். டவுன்ஃபோர்ஸ் என்றால் காற்று வண்டியைக் கீழே அமுக்கும் விசை. மோட்டோஜிபி பைக் ரேஸ் படங்களாக அனுப்பித் தள்ளினார். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்டார். அனுப்பினேன்.

கணக்கை அப்போதே போட்டிருக்கலாம். டுகாட்டி பனிகாலே வி4 வண்டியின் இறக்கைகளுக்கு அந்த நிறுவனமே சொன்ன அளவு, 270 கி.மீ. வேகத்தில் 30 கிலோ. டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அது கால் பங்காகிவிடும். அப்படிப் பார்த்தால் 120இல் டுகாட்டி இறக்கைக்கே 6 கிலோதான். அதுவும் 200 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கும், முன் சக்கரத்தைத் தூக்கத் துடிக்கும் வண்டிக்குச் செய்தது. என் வண்டி வீலி அடிக்க வேண்டுமென்றால் நான்தான் கிளட்சோடு மல்லுக்கட்ட வேண்டும்!

பார்சல் வந்தது. ஸ்க்ரூவுக்கு ஓட்டை போட்டபோது வெள்ளைத் தூள் கொட்டியது. கார்பன் என்றால் கறுப்பாக அல்லவா வர வேண்டும்? ஓரத்தை நகத்தால் நெம்பினேன், நெசவு டிசைன் ஸ்டிக்கராக உரிந்து வந்தது. உள்ளே சாதா கிளாஸ் ஃபைபர். விங்லெட்டுக்கு போல்ட்டே இல்லை, டபுள் சைடு டேப். போன் செய்தால், "ரேஸ் டீம்லயே இப்படித்தான்ணா ஒட்டுவாங்க." அதையும் நம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

ட்ராக்கில் வண்டியைச் சோதித்த பெரியவர் முதலில் குனிந்து பார்த்தது அடிப்பகுதியைத்தான். என்ஜின் உடைந்தால் ஆயிலும் கூலன்ட்டும் ட்ராக்கில் கொட்டாமல், மொத்த அளவில் பாதியையாவது கீழ் ஃபேரிங் (பெல்லி பேன்) பிடித்து வைக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் சூப்பர்பைக் விதி. தண்ணீர் பாட்டிலை எடுத்து உள்ளே ஊற்றினார். சைலன்சருக்காக வெட்டியிருந்த சந்து வழியாக அப்படியே அவர் ஷூவில் வடிந்தது. "தம்பி, இது பெல்லி பேன் இல்ல, சல்லடை" என்றார். நண்பனின் பழைய பெல்லி பேனை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

மூன்றாவது சுற்று. ஸ்ட்ரெய்ட் முடிவில் ஹேண்டில் லேசாகி ஆட ஆரம்பித்தது. பிரேக் பிடிக்குமுன் 'டப்' என்று ஒரு சத்தம், இடது விங்லெட்டைக் காணோம். நல்ல வேளை, பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கை இன்னொரு ரைடரைக் கிழித்துவிடும் என்ற பயத்தில்தான் 2016 சீசனோடு மோட்டோஜிபியில் அந்த வகையைத் தடை செய்தார்கள். எனக்கு விற்றது அதே கத்தி வடிவம்தான்.

வீட்டுக்கு வந்து, தம்பியை வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, மிச்சமிருந்த வலது விங்லெட்டின் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தேன். வண்டியைக் கீழே அமுக்க வேண்டுமென்றால் இறக்கையின் முன் விளிம்பு தாழ்ந்து, பின் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ். முன் விளிம்பு ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. அதாவது, முன் சக்கரத்தைத் தூக்குவதற்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரேஸ் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாதுண்ணா" என்று ஒரு மெசேஜ், அப்புறம் பிளாக். மாட்டிய அன்று ஆசையாக அனுப்பிய என் வண்டி போட்டோவை இப்போது அவர் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார். கறுப்பு ஃபேரிங், ஆரஞ்சு வீல், பின்னால் எங்கள் வீட்டுத் துளசி மாடம். அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால், விங்லெட் பறப்பதற்கு நான்கு நாள் முன்பு எடுத்தது அது.