ரீல்ஸ் பார்ப்பவர் கடைக்கு வருகிறாரா? நெல்லைச் சீமை வெப்சைட்டுகளுக்கு எந்தத் தளம் உதவும்

பத்தமடைப் பாய், உடன்குடிக் கருப்பட்டி, அல்வா என்று நம் பக்கத்துச் சரக்கைச் சொந்த வெப்சைட்டில் விற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். (1986இல் மாவட்டம் பிரிந்தபோது உடன்குடி தூத்துக்குடியோடு போய்விட்டது, ஆனாலும் நெல்லைச் சீமைக் கணக்கில் அதை விட எனக்கு மனமில்லை.) அவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணாச்சி, இன்ஸ்டாவுல போடட்டுமா, யூடியூப்ல போடட்டுமா?" வியூஸை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லக்கூடாது. லிங்க்கை அழுத்தினால் சைட் திறக்கிறதா, அந்தப் பதிவு எத்தனை நாள் கண்ணில் படும் என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

இன்ஸ்டாகிராமில் கோரைப்பாய் நெய்யும் ரீல்ஸ் ஒன்று நன்றாக ஓடும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் ரீல்ஸுக்குக் கீழே எழுதும் லிங்க்கை அழுத்த முடியாது. பார்ப்பவர் உங்கள் பக்கத்துக்குப் போய், பயோவில் (பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுகக் குறிப்பில்) இருக்கும் லிங்க்கைத் தேடி அழுத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆள் குறைவார். பயோவில் 5 லிங்க் வரை வைக்கலாம் என்று 2023இல் வசதி வந்தது. கல்யாணப் பாய்க்குத் தனி லிங்க் கொடுக்கலாம் என்பது ஒரு லாபம். ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டினால் நேராக சைட் திறக்கும். ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் இருக்க அதை உங்கள் பக்கத்திலேயே நிலைத்திருக்கும் ஹைலைட்ஸில் சேர்த்து வையுங்கள், ஸ்டிக்கர் அங்கேயும் வேலை செய்யும். புது முகங்களுக்கு உங்கள் பெயரைக் கொண்டுபோக இன்ஸ்டா நல்ல இடம். சைட்டுக்கு ஆளை இழுத்து வருவதில் அது பலவீனம்தான்.

யூடியூபை ஒரே தளமாக எண்ணக்கூடாது. ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோ வேறு, நீள வீடியோ வேறு. 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் (டிஸ்கிரிப்ஷன்) கமெண்ட்டிலும் போடும் லிங்க் அழுத்தினால் திறக்காது. நீள வீடியோவில் திறக்கும். அதற்குச் சேனலின் சரிபார்ப்பை முடித்து, கூடுதல் வசதிகளை (அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்) வாங்கியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் லிங்க் போட்டுவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று காத்திருக்கிறார்கள்.

நீள வீடியோவின் பெரிய பலம் தேடல். கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஜனங்கள் வருஷம் முழுக்கத் தேடுகிறார்கள். பனையேறுவதில் தொடங்கி, பதநீர் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றுவது வரை காட்டி, நல்ல கருப்பட்டிக்கு என்ன அடையாளம் என்று நேர்மையாகச் சொல்லும் வீடியோ ஒன்றைப் போடுங்கள். இரண்டு வருஷம் கழித்தும் அதைத் தேடி ஆள் வருவார். அப்படி வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர். விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே லிங்க் இருக்கட்டும். 'மேலும்' என்பதை அழுத்தி உள்ளே போய்த் தேடுகிறவர்கள் குறைவு.

உடனே ஆர்டர் வரவேண்டும் என்றால் வாட்ஸ்அப்பை விட எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. லிங்க் நேராகத் திறக்கும், அனுப்பியவர் தெரிந்தவர். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும் என்பதால் பார்சலோடு போகும் சீட்டிலேயே "நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்து அனுப்புங்கள். தாராவியிலோ துபாயிலோ இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அல்வா லிங்க்கைக் குடும்பக் குரூப்பில் போட்டால், அதற்கு ஈடான விளம்பரம் கிடையாது. லிங்க் அனுப்பும்போது படமும் தலைப்பும் தெரிகிற மாதிரி சைட்டை அமைத்துக் கொடுக்கச் சொல்லி உங்கள் டெவலப்பரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். வெறும் நீல எழுத்தாக வரும் லிங்க்கை அழுத்தப் பலரும் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயம்தான். வாட்ஸ்அப்பின் குறை, தெரியாத ஆளிடம் அது போகாது என்பது. அந்தப் புது ஆளை யூடியூப்தான் கூட்டி வரவேண்டும்.

ஃபேஸ்புக்கில் லிங்க்கை அழுத்தலாம். ஆனால் 2018இல் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முதலிடம் என்று அவர்கள் மாற்றியபின் கடைப் பக்கங்களின் பதிவுகள் காசு கட்டாமல் அதிகம் பேரைச் சேர்வதில்லை. ஊர்க் குரூப்களில் மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தை இந்தச் சரக்குகளுக்கு நான் சொல்லமாட்டேன். பாய் விற்பவர்கள் படங்களைச் சேர்த்து வைக்கும் தளமான பின்டரெஸ்ட்டை விடாதீர்கள்: படத்தைத் திறந்து அதிலுள்ள லிங்க்கை அழுத்தினால் அந்தப் பாயின் பக்கமே திறக்கும், வீட்டு அலங்காரம் தேடும் வெளிநாட்டார் அங்கே இருக்கிறார்கள்.

இத்தனை தொல்லைக்கு வெப்சைட் எதற்கு, இன்ஸ்டாவிலேயே விற்றால் போதாதா என்று கேட்பவர்கள் 2020 ஜூனை நினைத்துப் பார்க்கட்டும். டிக்டாக்கைத் தடை செய்த அன்று, அதில் சேர்த்த ஃபாலோயர் எல்லோரும் போய்விட்டார்கள். சொந்த சைட் இருந்து, வாங்கியவர் நம்பரும் கையில் இருந்தால் அந்த இழப்பு பாதியாவது குறைந்திருக்கும்.

கணக்குப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்களை, சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் பெரும்பாலும் 'டைரக்ட்' (நேராக வந்தவர்) என்றே காட்டும். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி யூடிஎம் குறிச்சொல் (எங்கிருந்து வந்தார் என்று காட்ட லிங்க்கின் கடைசியில் ஒட்டும் சிறு குறிப்பு) சேர்த்த லிங்க்கைக் கொடுத்தால்தான் எது உண்மையில் ஆள் கொண்டுவந்தது என்று தெரியும். கருப்பட்டிக்காரர்கள் பதநீர் இறங்கும் கோடைக்கு முன்பே இதைச் செய்து முடித்து, காய்ச்சும் நாட்களிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். சீசன் போனால் அடுப்படியில் படம் பிடிக்க ஒன்றும் இருக்காது.