ஹப் இருக்கட்டும், முதலில் கம்பியைக் கேளுங்கள்

"ஏற்காட்டுல ஓட்டறதுக்கு 29 இன்ச் சக்கரம் கட்டலாம்னு இருக்கேன், எந்த ஹப் போடலாம்ணா?" என்று மலைச் சைக்கிள் ஓட்டும் ஓமலூர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஹப் என்பது சக்கரத்தின் நடுவே உள்ள குடம். கூடவே இரண்டு ரிம் படமும் அனுப்பியிருந்தார். ஹப்பையும் ரிம்மையும் இணைக்கிற கம்பியை (ஸ்போக்ஸ்) பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாருமே கேட்பதில்லை. பின் சக்கரத்தை இப்போதுதான் ரிப்பேரிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என் செட் இதுதான்: இரண்டு சக்கரத்திலும் கம்பிக்கு 32 துளை, ஆறு போல்ட்டில் மாட்டும் டிஸ்க் பிரேக், சீல்டு பேரிங் ஹப். முன்னே 15×110 ஆக்சில் (விட்டமும் ஹப்பின் அகலமும், மி.மீ.யில்), பின்னே 12×148. ரிம் டபுள் வால் (இரட்டைச் சுவர்), இணைப்பு வெல்டிங் செய்தது, உள் அகலம் 30 மி.மீ. கம்பி இரு முனையிலும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. கம்பியின் முனையை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டான நிப்பிள் பித்தளை. வண்டியோடு வந்த கம்பெனி சக்கரம் காலை வாரியபின், சேலத்தில் கையால் கட்டியது.

ஹப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நாகலூர்ப் பக்கம் மழை விட்ட மறுநாள் காப்பித் தோட்டத்துப் பாதையில் போய்ப் பாருங்கள். செம்மண் சேறு ஹப்பைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அதையும் தாங்கி உருள்கிறது. பேரிங் தேய்ந்தாலும் கவலை இல்லை. சீலின் மேலேயே 6902 என்று எண் இருக்கிறது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. மோட்டாருக்கும் பம்புக்கும் பேரிங் விற்கிற கடையில் எண்ணைச் சொன்னால் போதும். சைக்கிள் கடைக்கே போக வேண்டியதில்லை. மிதிக்கும்போது ஹப்பைப் பிடிக்கிற பல் வளையமான ராட்செட்டில் 36 பல் போதுமா, 54 வேண்டுமா என்று கேட்கிறார்கள். முதலாவதில் பெடல் பிடிக்க 10 டிகிரி, இரண்டாவதில் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. கல்லுக்கு நடுவே அரை மிதி மிதித்து ஏறும்போது வித்தியாசம் தெரியும். அடிவாரத்திலிருந்து தார்ச் சாலையில் ஏறுபவருக்குத் தெரியவே தெரியாது.

ரிம்மும் அப்படித்தான். 30 மி.மீ. அகலத்தில் 2.4 இன்ச் டயர் நன்றாக விரிந்து உட்காருகிறது, காற்றைக் குறைத்து ஓட்ட முடிகிறது. கல்லில் மோதி ஓர் இடத்தில் விளிம்பு மடங்கியது, நிமிர்த்தியாயிற்று.

இனி கம்பி. ஒரு ஸ்போக்ஸ் ஏன் உடைகிறது? பள்ளத்தில் விழுந்த அடியில் உடைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது, தரையை ஒட்டி வருகிற கம்பி ஒவ்வொன்றும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் பழையபடி இறுகும். 29 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் போகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு முறை ஏறி முடிப்பதற்குள் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 13 ஆயிரம் முறை தளர்ந்து இறுகுகிறது. இறங்கும்போது இன்னொரு 13 ஆயிரம். அதோடு 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் டிஸ்க் பிரேக் ஹப்பைப் பிடித்து முறுக்குகிற முறுக்கையும் இந்தக் கம்பிகள்தான் ரிம்முக்குக் கடத்த வேண்டும். இப்படியே களைத்துக் களைத்துத்தான் கம்பி, ஹப்பில் வளைந்து நுழைகிற கழுத்தில் அறுகிறது. சமதரையில் சும்மா போகும்போதுகூட 'டிங்' என்று போவது இதனால்தான். வண்டியோடு வந்த சக்கரத்தில் கம்பிகளின் இறுக்கம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது. தொளதொளவென்று இருந்தவை ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்தன, பக்கத்தில் இருந்தவை அவற்றின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தன.

நடுவில் மெலிந்த கம்பி இதற்குத்தான் நல்லது. மெலிந்த பாகம் கூடுதலாக நீண்டு கொடுக்கும். அதனால் ரிம் கீழே அமுங்கும்போது கம்பி முழுக்கத் தொய்ந்துபோகாது, கழுத்துக்குப் போகிற பாரமும் குறையும். எடை குறைகிறது என்பதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். எனக்கு எடை பொருட்டில்லை. தடித்த கம்பியைவிட மெலிந்தது நீடித்து உழைக்கிறது, அது போதும்.

எனக்குக் கட்டித் தந்த அண்ணன் டென்ஷன் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கம்பி கம்பியாக விரலால் சுண்டிப் பார்த்தார். "ஒரு பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சுதியில வரணும் தம்பி, வரலைன்னா கோட்டம் எடுத்தும் பிரயோஜனமில்லை" என்றார். ரிம் கோணலாகச் சுற்றுவதுதான் கோட்டம். அதற்குப் பிறகு பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து, கை சிவக்க நெரித்தார். வளைவில் கம்பி சரியாக உட்கார அது அவசியம். அதன்பின் மறுபடி கோட்டம் பார்த்தார். அவர் கட்டியதிலிருந்து கழுத்தில் ஒரு கம்பிகூட உடையவில்லை. அந்த வேலைக்கு அவர் வாங்கிய கூலி குறைவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்படியானால் கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். குப்பனூர்ச் சாலையில் இறங்கும்போது சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த கிளை ஒன்று பின் சக்கரத்துக்குள் பாய்ந்து இரண்டு கம்பிகளை வெட்டிவிட்டது. டிஸ்க் பிரேக் என்பதால் பிழைத்தேன். ரிம் ஆடினாலும் பிரேக் பிடிக்கும். வெட்டுப்பட்ட கம்பிகளைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு, எதிர்ப்பக்க நிப்பிள்களைக் கொஞ்சம் தளர்த்தி வீடு வந்து சேர்ந்தேன். அதுவரை சரி. பிறகுதான் ஆரம்பித்தது அலைச்சல். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அஸ்தம்பட்டி வரை ஒரு கடையிலும் அந்த நீளம் இல்லை. ரோட்ஸ்டர், அதாவது பழைய வகைச் சாதா சைக்கிள் கம்பி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது, தடித்த முலாம் பூசிய கம்பி. அந்த வண்டிகளில் முன்னே 32, பின்னே 40 துளை. பாரம் எங்கே விழுகிறது என்று தெரிந்து போட்ட கணக்கு. அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களிடம் யார் 29 இன்ச் கம்பி கேட்கிறார்கள்?

வருத்தமெல்லாம் ஆன்லைனில் கம்பி விற்ற வெளியூர்க் கடை மேல்தான். நீளத்தை எழுத்திலும் எண்ணிலும் தெளிவாகக் கொடுத்தும், 2 மி.மீ. கூடுதலானதை அனுப்பினார்கள். கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்கிறார்கள். கம்பியில் 2 மி.மீ. அட்ஜஸ்ட் ஆகாது. நீளம் கூடினால் முனை நிப்பிள் தலையைத் தாண்டி நீட்டும், மரை தீர்ந்துபோய் இறுகவே இறுகாது. குறைந்தால் மரை நிப்பிள் தலைவரை எட்டாது, நிப்பிள் அங்கேயே முறியும். திருப்பி அனுப்பி, சரியானது வரும்வரை வண்டி சுவரில் தொங்கியது. காப்பி பூத்து மலையெல்லாம் மணக்கிற நாட்கள் அவை.

இந்தக் கம்பிகள் எவர்சில்வரில் செய்தவை, எவர்சில்வருக்குப் பெயர் போன ஊர் நம்முடையது. சேலம் உருக்காலை தகடு உருட்டுகிற ஆலை, கம்பி இழுக்கிற ஆலை அல்ல என்பது தெரியும். தெரிந்தும் ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. டிஸ்க் இருப்பதால் முன் ஹப்பில் கம்பி மாட்டுகிற இடப்பக்க விளிம்பு உள்ளே தள்ளியிருக்கும், கேசட் (பின் பற்சக்கர அடுக்கு) இருப்பதால் பின் ஹப்பில் வலப்பக்கம். அதனால் முன்னே இடப்பக்கக் கம்பி குட்டை, பின்னே வலப்பக்கக் கம்பி குட்டை. என் செட்டில் நான்கு பக்கத்துக்கும் மூன்று வெவ்வேறு நீளம். நிப்பிள் துளை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும் ஆஃப்செட் ரிம் போட்டால் இந்த வித்தியாசம் சுருங்கும். இருபக்க இறுக்கமும் நெருங்கி வரும். ஹப் அளவைப் பார்த்து ரிம் தேர்ந்தால் நான்கு பக்கத்துக்கும் ஒரே நீளக் கம்பிகூட அமையலாம். தம்பி, நீங்கள் அனுப்பிய இரண்டு ரிம்மில் எது ஆஃப்செட்டோ அதையே எடுங்கள். ஹப் எதுவானாலும் பரவாயில்லை, 32 துளையும் கடையில் கிடைக்கிற எண்ணில் பேரிங்கும் இருந்தால் சரி.

என் செட்டை அப்படியே வாங்கலாமா என்றால், வேண்டாம். நான் ஓட்டியதில் இதுதான் மிக நல்ல சக்கரம், இதை விற்கவும் மாட்டேன், ஆனாலும் இன்றைய மனநிலையில் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மீறி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நீளத்திலும் ஆறு கம்பி கூடுதலாக, ஹப் வாங்குகிற அன்றே வாங்கி, நீளத்தை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீளத்துக்கு ஒன்றை, நிப்பிளோடு, பெடல் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ஃபிரேம் குழாயான செயின் ஸ்டேயில் டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள்.