யூகேட் தேர்வுக்கு இலவசப் பயிற்சித் தளம்: மகளோடு உட்கார்ந்து பார்த்ததில்

பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு யூகேட் என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு. அதை நடத்தும் யூகேட் கூட்டமைப்பே தன் இணையதளத்தில் பயிற்சிக் கேள்விகளையும் முழு மாதிரித் தேர்வுகளையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. என் மகள் 2025 கோடையில் இந்தத் தேர்வை எழுதினாள். அதற்கு முந்தைய மாதங்களில் நாங்கள் அதிகம் புழங்கியது அந்தத் தளத்தைத்தான். நான் லெஸ்டரில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மதுரை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னைப் பார்த்ததும் "எந்த கோச்சிங்ல சேர்த்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எதற்கும் பணம் கட்டும் முன் இந்தத் தளத்தை முழுதாகப் பயன்படுத்திவிடுங்கள் என்று சொல்லி வருகிறேன். அதை வாயால் சொல்லிச் சொல்லி முடியவில்லை என்பதால், அதன் குறைகளையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் நீட் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல். 180 கேள்விகள், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. யூகேட்டில் பாடமே கிடையாது. படித்துப் புரிந்துகொள்வது, தர்க்கமாக முடிவெடுப்பது, கணக்கோடு கூடிய தரவுகளைக் கையாள்வது, சூழ்நிலைக்கேற்ப நடந்துகொள்வது என்று நான்கு பகுதிகள். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. தவறுக்குக் கழிவு இல்லை. அதனால் எந்தக் கேள்வியையும் விடையில்லாமல் விட்டு வரக் கூடாது. முதல் மூன்று பகுதிகளுக்கும் தலா 300 முதல் 900 வரை மதிப்பெண், நான்காவதற்கு ஒன்று முதல் நான்கு வரை தரநிலை. ஆண்டுக்கு ஒரே முறைதான் எழுதலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை முன்பு பிமேட் என்ற வேறு தேர்வை வைத்திருந்தன. அது நின்றுபோன பிறகு அவையும் இதற்குத்தான் வந்திருக்கின்றன.

கேள்விகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே கடினமில்லை. நேரம்தான் கடினம். படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் 22 நிமிடத்துக்கு 44 கேள்விகள். ஒன்றுக்கு அரை நிமிடம். கணக்குப் பகுதியில் 26 நிமிடத்துக்கு 36. பள்ளியில் நிதானமாக யோசித்து முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே இங்கே திணறிப்போகிறார்கள். அதனால் பயிற்சிக்கு நாம் தேர்ந்தெடுக்கும் தளம், தேர்வு அறையில் வரப்போகும் திரையைப் போலவே இருக்க வேண்டும். அதிகாரபூர்வத் தளத்தில் எனக்கு முதலில் பிடித்தது இதுதான். அதே அமைப்பு, அதே கால்குலேட்டர், கேள்வியைக் கொடி போட்டு வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரும் அதே வசதி. ஆல்ட் விசையோடு சி அழுத்தினால் கால்குலேட்டர், என் அழுத்தினால் அடுத்த கேள்வி, எஃப் அழுத்தினால் கொடி. இந்தக் குறுக்குவழிகள் கையில் பழகிவிட்டால் மவுஸைத் தேடும் நேரம் மிச்சம். தேர்வு மையத்தில் எண்பலகை உள்ள விசைப்பலகை இருக்கும். என் மகளின் லேப்டாப்பில் எண்பலகை இல்லை. அதனால் விலை குறைந்த ஒரு தனி விசைப்பலகை வாங்கி அதில்தான் பழகச் சொன்னேன். மாதிரித் தேர்வுகளை மட்டுமல்ல, சாதாரணப் பயிற்சியையும் அப்படியே செய்யுங்கள்.

இனி கேள்விகளின் தரம். தர்க்கப் பகுதியில்தான் இந்தத் தளத்தின் அருமை எனக்குப் புரிந்தது. 37 நிமிடத்தில் 35 கேள்விகள். அதில் ஒரு வகையில் சில கூற்றுகளைக் கொடுத்துவிட்டு, கீழே ஐந்து முடிவுகளைத் தருவார்கள். ஒவ்வொன்றும் கூற்றிலிருந்து வருகிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். ஐந்தும் சரியென்றால் இரண்டு மதிப்பெண், ஓரளவு சரியென்றால் ஒன்று. அந்த மாதிரியில் நானே ஒன்றைச் சொல்கிறேன். "இந்த மருந்தகத்தில் உள்ள எல்லா சிரப்பும் பாட்டிலில் இருக்கின்றன. சில பாட்டில்கள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. ஆகவே சில சிரப்புகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன." இந்த முடிவு வருகிறதா? வராது. குளிர்பெட்டியில் இருப்பவை எல்லாம் வேறு மருந்துப் பாட்டில்களாக இருக்கலாம். ஆனால் என் மகள் "வரும்" என்றாள். அம்மாவாகிய நான் மருந்தகத்தில் கரைத்த ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த உண்மை கூற்றுக்குள் நுழைந்துவிட்டது. இந்தத் தேர்வில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். அறிவு அதிகமாக அதிகமாக இந்த ஆபத்தும் கூடுகிறது. அதிகாரபூர்வக் கேள்விகள் இந்த இடத்தைக் குறிவைத்து எழுதப்பட்டிருக்கின்றன. மலிவாகக் கிடைக்கும் வேறு கேள்வித் தொகுப்புகள் சிலவற்றில் கூற்றே இரண்டு பொருள் தரும்படி இருந்தது. அங்கே பிள்ளை தவறு செய்தால் தவறு அவளுடையதா, கேள்வியுடையதா என்று தெரியாது. இங்கே எனக்கு அந்தச் சந்தேகம் ஒருமுறைகூட வரவில்லை.

வென் வரைபடம், நிகழ்தகவு இரண்டும் பள்ளிக் கணக்கை ஒட்டியவைதான். ஆனால் தேர்வு அறையில் காகிதம் கிடையாது; லேமினேட் செய்த ஏடும் மார்க்கர் பேனாவும்தான் தருவார்கள். அந்தப் பேனாவால் சிறிய வட்டங்களைப் போட்டுப் பழக வேண்டும். அதற்கும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

கணக்குப் பகுதியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் இதில் கரை சேர்ந்துவிடுவார்கள், ஒரு பழக்கத்தை விட்டால். எல்லாவற்றையும் கடைசிப் புள்ளி வரை கணக்கிடும் பழக்கம்தான் அது. 1,987 என்பது 2,611 ஆகியிருக்கிறது, எத்தனை சதவீத உயர்வு என்று கேட்டு 12, 19, 31, 48 என்று விடைகள் கொடுத்திருந்தால் கால்குலேட்டரைத் திறக்கவே வேண்டாம். இரண்டாயிரத்தில் அறுநூறு சொச்சம், முப்பதுக்குக் கொஞ்சம் மேல், அப்ப 31. விடைகளை முதலில் பார், அவை ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் தோராயமாகப் போடு என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. சரி, தவறு, சொல்ல முடியாது என்று மூன்று விடைகள் கொண்ட கேள்விகளில் "சொல்ல முடியாது" என்பதைப் பிள்ளைகள் தொடவே தயங்குகிறார்கள். பத்தியில் "பெரும்பாலான கிளினிக்குகளில் நோயாளிகள் கூடினார்கள்" என்று இருக்கும். கேள்வி ஒரு குறிப்பிட்ட ஊர்க் கிளினிக்கைப் பற்றி இருக்கும். கூடியதா, குறைந்ததா, நமக்குத் தெரியாது. தெரியாது என்பதே அங்கே முழு மதிப்பெண் வாங்கும் விடை.

இப்போது நான்காவது பகுதி. பெற்றோர் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை, நான் இதைப் பற்றித்தான் அதிகம் பேச விரும்புகிறேன். 26 நிமிடத்தில் 69 கேள்விகள். மருத்துவமனையில் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இன்ன செயல் எவ்வளவு பொருத்தம், இன்ன விஷயத்தைக் கருத்தில் கொள்வது எவ்வளவு முக்கியம் என்று கேட்பார்கள். "ஒழுக்கமா வளர்த்த பிள்ளை, இதெல்லாம் தானா வரும்" என்றுதான் நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வார்டில் மூத்த மருத்துவர் ஒருவர் கை கழுவாமல் அடுத்த நோயாளியிடம் போகிறார், கூடவே நிற்கும் மாணவி என்ன செய்வாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே மரியாதையாக நினைவூட்டுவது மிகப் பொருத்தமான செயல். என் மகள் அதைப் "பொருத்தமில்லை" என்று போட்டாள். ஏன் என்று கேட்டால், பெரியவரை நாலு பேர் முன்னால் எப்படி அம்மா சொல்வது என்றாள். அந்தப் பணிவைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அது நல்ல குணம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் படுத்திருக்கும் நோயாளியின் பாதுகாப்பு, பெரியவரின் முகத்தைவிடப் பெரியது. அதை நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். பேசப் பேச அவளுக்குத் தெளிந்தது. தேர்வைத் தாண்டியும் அவளுக்குத் தேவையான பேச்சு அது.

இன்னொன்று, நோயாளி மாணவியிடமே தன் ஸ்கேன் முடிவைப் பற்றிக் கேட்கிறார். தெரிந்த அளவு சொல்லிவிடலாமே என்று தோன்றும். நம் வீடுகளில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லும் பிள்ளைக்குத்தான் மதிப்பு. இங்கே, நான் மாணவி, மருத்துவரை அழைத்து வருகிறேன் என்று சொல்வதுதான் சரி. மருந்தகத்தில் எங்களுக்கும் இதே விதிதான். தன் எல்லைக்கு வெளியே ஒரு சொல் கூடச் சொல்லக் கூடாது. தளத்தில் உள்ள கேள்விகளைப் போடும் முன், ஜிஎம்சி எனப்படும் இங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் 'நல்ல மருத்துவ நடைமுறை' வழிகாட்டியைப் படிக்க வைத்தேன். அதுவும் இணையத்தில் இலவசம். 2024 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் புதிய பதிப்பைப் பாருங்கள். அதைப் படித்த பிறகு விடைகளுக்குப் பின்னால் இருக்கும் காரணம் அவளுக்குத் தானாகவே பிடிபட்டது. இதில் நான்காம் தரநிலை, அதாவது கடைசி நிலை, வந்தால் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அதனால் இதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்காதீர்கள்.

குறைகள் இரண்டு. கேள்விகளின் எண்ணிக்கை குறைவு. முழு மாதிரித் தேர்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆர்வத்தில் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டால் கடைசியில் அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. நேரக் கணக்கில்லாத கேள்வி வங்கியில் தொடங்கி, முழுத் தேர்வுகளைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களுக்கு எடுத்து வையுங்கள். இரண்டாவது, விடை விளக்கங்கள் பல இடங்களில் சுருக்கம். எது சரி என்று சொல்கிறது, எந்த வழியில் போனால் சீக்கிரம் முடியும் என்று சொல்வதில்லை. இதற்கு ஒரு நோட்டுப் போட்டோம். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று ஒரே வரி. "தெரிந்ததை உள்ளே கொண்டுவந்தேன்", "எல்லா என்பதைச் சில என்று படித்தேன்", "நேரம் போச்சு". சில வாரங்களில் பக்கங்களைப் புரட்டினால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரம் கேள்வி போட்டேன் என்று சொல்லும் பிள்ளையிடம், தவறியவற்றில் எத்தனையைத் திரும்பப் பார்த்தாய் என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டண வகுப்பும் ஒன்று பார்த்தோம். பெயர் வேண்டாம். இரண்டு நாள் இணைய வகுப்பு, கட்டணம் கொஞ்சமல்ல. அவர்கள் அனுப்பிய கையேட்டில் வடிவங்களை ஒப்பிடும் பகுதிக்கே ஏகப்பட்ட பக்கங்கள். அந்தப் பகுதியை 2025-ல் தேர்விலிருந்தே எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "மூளைக்குப் பயிற்சி" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்கு இன்னமும் வருத்தம். பிள்ளைகளின் கோடைக்கால நேரம் அவ்வளவு மலிவானதல்ல. பழைய புத்தகங்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். மொத்த மதிப்பெண் 3,600 என்று போட்டிருந்தால் அது பழசு, இப்போது 2,700. கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்றால், அதிகாரபூர்வக் கேள்வி வங்கி தீர்ந்த பிறகு, வேகத்துக்காக மட்டும், ஒரு மாதச் சந்தா போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த மாதம் பயனாகவும் இருந்தது.

டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் போன்ற காரணங்களால் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு யூகேட்சென் என்ற தனி வடிவம் உண்டு. பள்ளியில் ஏற்கெனவே அந்தச் சலுகை இருந்தால் தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு இதை விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

அப்புறம் தேர்வுக் கட்டணம். 2025-ல் பிரிட்டனுக்குள் எழுத 70 பவுண்டு. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கும், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கும் அந்தப் பணத்தை ஈடுசெய்யும் உதவித் திட்டம் இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பித்து, உரிய கடிதத்தை இணைக்க வேண்டும். அதற்கென்று தனிக் கடைசித் தேதியும் உண்டு. தேர்வுக்கு இடம் பதிவு செய்யும்போதே அந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.