ஆடுசதை உறையும் கச்சான் காற்றும்: மூன்றரை ஆண்டு அணிந்து பார்த்த பிறகு

மண்டபத்துக்கு அருகிலுள்ள கடற்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை, வயது 47. வாரத்தில் நான்கு நாள் ஓடுவதும், ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இருபது கிலோமீட்டரை ஒட்டி ஓடுவதும் பல ஆண்டுப் பழக்கம். ஆடுசதை அடிக்கடி இழுத்துப் பிடிக்கிறது என்று ஓட்டக்கார நண்பர் ஒருவரிடம் சொல்லப்போக, அவர் சொன்ன யோசனைப்படி 2022 ஜனவரியில் கம்ப்ரஷன் ஆடைகளை, அதாவது உடலை இறுக்கிப் பிடிக்கும் ஆடைகளை, வாங்கத் தொடங்கினேன். ஆடுசதையை மட்டும் மூடும் உறைகள் மூன்று ஜோடி, இடுப்பு முதல் கணுக்கால் வரை வரும் டைட்ஸ் இரண்டு, முழங்கால் வரை நீளும் காலுறை ஒரு ஜோடி, முழுக்கைச் சட்டை ஒன்று என இதுவரை ஏறத்தாழ 11,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. எல்லாம் சொந்தப் பணம்.

ஓட்டத்தின் வேகம் கூடுகிறதா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கூடவில்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டதிலிருந்து எனக்கு அதுதான் அளவுகோல். போய்த் திரும்பினால் 19 கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது, நிழலும் கிடையாது. அங்கே ஓடிய நாட்களின் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் புரட்டிப் பார்த்தால், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நேரம் நீள்வதும், காற்று அடங்கிய மார்ச் மாதக் காலைகளில் குறைவதும் தெளிவாகத் தெரிகின்றனவே தவிர, எந்த நாளில் உறை அணிந்திருந்தேன், எந்த நாளில் உறை இல்லாமல் ஓடினேன் என்பதை அந்த எண்களை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஓட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வெளியான மதிப்பாய்வு ஒன்றும், 400 மீட்டர் முதல் அரை மராத்தான் வரை ஓட்ட நேரத்தில் இந்த ஆடைகளால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றே சொன்னது.

தசை அதிர்வு குறைந்தால் சோர்வு குறையும் என்ற விளம்பர வாதத்தை நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். காலடி தரையில் படும் ஒவ்வொரு முறையும் தொடையும் ஆடுசதையும் குலுங்குவது உண்மை. இறுக்கமான துணி அந்தக் குலுக்கலைக் குறைப்பதும் உண்மை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அஜித் சௌதரி தலைமையிலான குழு 17 ஓட்டக்காரர்களை டைட்ஸ் அணிந்தும் அணியாமலும் அரை மணி நேரம் டிரெட்மில்லில் ஓடவைத்துச் சோதித்தது. அதிர்வு குறைந்தது, ஆனால் ஓடி முடித்த பிறகு கால்களின் வலுவையும் குதிக்கும் உயரத்தையும் அளந்தபோது, இரண்டு நாளும் சோர்வு ஒரே அளவில்தான் இருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி நிறுவனம் என்பதால், இந்த முடிவின்மேல் எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு.

இனி நம் கரையின் கதைக்கு வருகிறேன். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் அனுபவக் குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது; காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் அது உலராமல் வழிகிறது. அந்த நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒட்டிக்கொள்ளும் நைலான் துணியைப் போட்டுக்கொண்டு ஏப்ரல் மாதம் காலை ஏழரை மணிக்கு ஓடினால், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தலை கிறுகிறுக்கத் தொடங்கும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகி, வழியில் சங்கு மாலை விற்கும் கடையின் ஓலை நிழலில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். முதல் ஆண்டு மழைக்காலத்தில் இடுக்குகளில் படர்தாமரை வந்தது தனி வேதனை. ஈர டைட்ஸுடனே பள்ளிக்குப் போய் மதியம் வரை இருந்தது என் தவறுதான் என்றாலும், தளர்வான கால்சட்டையாக இருந்திருந்தால் அது அரை மணி நேரத்தில் உலர்ந்திருக்கும்.

எதிர்பாராத நன்மைகளும் உண்டு. கச்சான் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையில் குறுக்கே பறக்கும் மணல், முழங்காலுக்குக் கீழே ஊசி ஊசியாகக் குத்தும்; ஆடுசதை உறை அதை முழுதாகத் தடுக்கிறது. அதேபோல் கடலில் நீந்தும் நாட்களில் முழுக்கைச் சட்டையும் டைட்ஸும் சொறி எனப்படும் ஜெல்லிமீன் மேலே பட்டு எரிவதிலிருந்து காப்பாற்றுகின்றன. தொடைகள் உரசிப் புண்ணாவதும் நின்றுவிட்டது. ஆனால் இந்த மூன்று நன்மைகளுக்கும் அழுத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தோலை மூடும் மெல்லிய துணி எதுவும் இதைச் செய்யும்.

அழுத்தம் ஏதாவது செய்கிறதா என்று பார்க்க, 2023இல் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சோதனை செய்தேன். நீண்ட ஓட்டம் முடிந்து குளித்த பிறகு ஒரு காலில் மட்டும் உறையை மாட்டி இரவு வரை விட்டுவிடுவேன். அடுத்த வாரம் மற்றக் காலில். ஒற்றைக் கால் உறையுடன் தெருவில் நடந்ததைப் பார்த்து, காலில் அடிபட்டதா என்று விசாரிக்காதவர்கள் குறைவு. மாலையில் உறையணிந்த கால் கனமில்லாமல் இருப்பதாக ஆறில் ஐந்து முறை தோன்றியது. திங்கட்கிழமை காலை பள்ளி மாடிப்படி இறங்கும்போதும் வலி சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு காலும் ஒன்றுபோல்தான். இதில் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும்: எந்தக் காலில் உறை இருந்தது என்பது எனக்குத் தெரியும். மாத்திரை என்றால் சர்க்கரை வில்லையைக் கொடுத்து ஏமாற்றிச் சோதிக்கலாம். இறுக்கத்தை அப்படி மறைக்க வழியில்லை. ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல்தான். தசைவலி கொஞ்சம் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொன்னாலும், உறை அணிந்தவரே தம் வலிக்கு மதிப்பெண் போடுகிறார் என்பதை மறக்கக் கூடாது.

அழுத்தத்தின் அளவு என்ன என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது என் அக்கா. இராமநாதபுரத்தில் துணிக்கடை ஒன்றில் இருபது ஆண்டுகள் நின்றே வேலை பார்த்ததில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது (இரத்தக் குழாய் புடைத்து நெளியும் வெரிகோஸ் வெயின்). மருத்துவர் கணுக்கால், ஆடுசதை இரண்டையும் நாடாவால் அளந்து காலுறை எழுதிக்கொடுத்தார். அந்தப் பெட்டியின்மேல் 23–32 மில்லிமீட்டர் பாதரசம் என்று அழுத்தம் அச்சிடப்பட்டிருந்தது. கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படி நெய்யப்பட்ட காலுறை அது. நான் வாங்கிய ஏழு விளையாட்டு ஆடைகளில் ஒன்றிலும் இப்படி ஓர் எண் இல்லை. எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகள் மட்டுமே இருந்தன. துணியின் இழுவிசை ஒன்றாகவே இருந்தாலும், கால் பருமனாக ஆக ஆக அழுத்தம் குறையும் என்பது இயற்பியல். ஆகவே மெலிந்த காலுடைய நானும் கட்டுமஸ்தான கபடி ஆட்டக்காரரும் ஒரே உறையை மாட்டினால், இருவருக்கும் கிடைப்பது ஒரே அழுத்தம் அன்று. காலில் இரத்த ஓட்டமே குறைந்தவர்களும், நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

அக்காவுடையதைப் போல மேலே போகப்போக அழுத்தம் குறையும் காலுறையை உருவாக்கியவர் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர். காலின் இரத்தக் குழாய் (சிரை) நோயால் வருந்திய அவர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தணிவதைக் கவனித்து, ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடுவதே காரணம் என்று கண்டு, அதே அமைப்பைத் துணியில் கொண்டுவர முயன்றார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடல்நீரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் உண்டு. அரியமான் கடற்கரையில் இடுப்பளவு நீரில் நின்றால், அக்காவின் காலுறையைப் போல இரண்டு மடங்குக்கு மேலான அழுத்தம் கணுக்காலில் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே போகப்போகத் தானாகவே குறைகிறது. உடலின் சூடும் தணிகிறது. அந்தப் பக்கம், பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் அமைதியான பாக் விரிகுடா என்பதால் பெரும்பாலான மாதங்களில் அலையும் இருக்காது. இப்போது நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இருபது நிமிடம் அங்கேதான் நிற்கிறேன். பகல் முழுவதும் கடலில் நின்றுகொண்டிருக்க முடியாது என்பதுதான் உறைக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை இந்தத் துணிகள் நம் ஊருக்குத் தோதானவை அல்ல. நீளும் தன்மையைத் தருவது எலாஸ்டேன் என்ற இழை. சூடும் கடும் வெயிலும் அதைக் கெடுக்கும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, துவைத்துக் காயப்போட்டால் துணி அட்டையாக விறைக்கும். முதல் ஜோடி உறையை எட்டு மாதம் அப்படித் துவைத்து மொட்டைமாடி வெயிலில் போட்டதில், அது கணுக்கால் வரை வழிந்துவிழும் பழைய காலுறையாகிவிட்டது. இரண்டாவது ஜோடியைக் குடிநீரில் அலசி, வீட்டுக்குள் நிழலில் உலர்த்தினேன். பதினெட்டு மாதம் வந்தது. குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் தண்ணீரில் உறையை அலசுவதைப் பார்த்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. விலைக்கும் உழைப்புக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை: 2,900 ரூபாய் டைட்ஸும் 850 ரூபாய் டைட்ஸும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தளர்ந்தன.

நாகரிகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளிக் கபடி அணியில் பாதிப் பேர் ஒரு கையில் மட்டும் கறுப்பு ஸ்லீவ் போடுகிறார்கள். ஏன் ஒரு கை என்று ஒருவனைக் கேட்டேன். "சும்மாதான் சார், கெத்தா இருக்கும்ல" என்றான். 2000–01 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆலன் ஐவர்சன் முழங்கை வீக்கத்துக்காக மாட்டிய உறை, வலியே இல்லாத கைகளுக்கெல்லாம் பரவி, இருபத்தைந்து ஆண்டுக்குள் எங்கள் மைதானத்துக்கும் வந்துவிட்டது என்று அவனுக்குக் கதை சொன்னேன். அவனுடைய பதிலில் பொய் இல்லாததால் எனக்குக் கோபம் வரவில்லை. அணியாக ஒன்றுபோல் உடுத்தி நிற்பதில் பையன்களுக்கு ஓர் ஊக்கம் கிடைக்கிறது என்பதையும் பார்க்கிறேன். ஆனால் தசை காயமடையாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கடலுக்குப் போகும் தகப்பனிடம் அடம்பிடித்து 1,500 ரூபாய் வாங்கிவரும் பையனைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல காலணி வாங்கச் சொல்கிறேன். கிழிந்த காலணியுடன் மணலில் ஓடிக் கணுக்கால் பிசகியவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்; ஸ்லீவ் இல்லாததால் கை போனவனை இதுவரை பார்த்ததில்லை.

என் ஆடுசதைப் பிடிப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நின்றது 2023 நடுவில். உறையால் என்றால் 2022இலேயே நின்றிருக்க வேண்டும். ஞாயிறு தூரத்தைத் திடீரென்று கூட்டாமல் மெதுவாகக் கூட்டியதும், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

டைட்ஸ் இரண்டும் இப்போது நீச்சலுக்கு மட்டும். முழங்கால் வரை வரும் காலுறையை, சென்னைக்கு இரவுப் பேருந்தில் போகும்போது அணிகிறேன். பத்து மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தும், காலையில் இறங்கும்போது செருப்பு இறுகுவதில்லை. நான் வாங்கியவற்றில் கொடுத்த காசுக்கு வேலை செய்தது அது ஒன்றுதான். மூன்றாவது ஜோடி ஆடுசதை உறை இந்தக் கச்சான் முடியும் வரை மணலுக்காக இருக்கும். அது தளர்ந்த பிறகு, பழைய பருத்திக் காலுறையின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு மேல்பகுதியை மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.