உத்தரவு நியூ ஜெர்சியில், ஆள் டெக்சாஸில்: பராமரிப்புத் தொகையைக் குறைக்க எந்த வாசலைத் தட்டுவது?

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை மீது நண்பர் ஒருவர் காகிதங்களைப் பரப்பி வைத்தார். விவாகரத்துத் தீர்ப்பு நியூ ஜெர்சியில் வாங்கியது. முன்னாள் மனைவியும் பத்து வயது மகளும் இன்னும் அந்த மாநிலத்தின் எடிசனில்தான் இருக்கிறார்கள். இவர் டெக்சாஸுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஜனவரிக் கடைசியில் வேலை போய்விட்டது. பிள்ளைக்குக் கட்ட வேண்டியது வாரம் 370 டாலர்.

"அண்ணா, இங்கேயே கோர்ட்டில் மனு போட்டுக் குறைத்துவிடலாமா? டெக்சாஸில் ஒரு பிள்ளைக்கு இருபது சதவீதம்தானாமே" என்றார்.

நான் வழக்கறிஞன் இல்லை. எனக்கும் இதுபோல இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஒரு வழக்கு இருந்தது. அது முடிவதற்குள் படித்ததுதான் என் சட்டப் படிப்பு. அன்றைக்கு மேசையில் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். முதலில் அடிபட்டுப் போனது அவர் ஆசைப்பட்ட வழிதான்.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒரே பிள்ளைக்கு மூன்று மாநிலங்கள் மூன்று தொகை விதித்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அதை ஒழிக்க 1992-இல் மாநிலங்களுக்கு இடையிலான குடும்பப் பராமரிப்புக்கென ஒருசீரான சட்டம் வரையப்பட்டது. வழக்கறிஞர்கள் சுருக்கமாக 'யூஇஃப்சா' என்பார்கள். 1996-ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், 1998 ஜனவரி 1-க்குள் எல்லா மாநிலங்களும் அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. திருத்திய 2008-ஆம் ஆண்டு வடிவத்தை ஏற்கும்படி 2014-இல் இன்னொரு மத்தியச் சட்டம் நெருக்கியது. சாரம் இதுதான்: ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரே உத்தரவு. உத்தரவு போட்ட மாநிலத்தில் தாய், தந்தை, பிள்ளை மூவரில் ஒருவர் வசித்தாலும் தொகையை மாற்றும் அதிகாரம் அந்த மாநிலத்துக்குத்தான். எடிசனில் தாயும் மகளும் இருக்கும்வரை டெக்சாஸ் நீதிபதி ஒரு டாலரைக்கூடத் தொட முடியாது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொகை பாக்கி விழுந்தால், அந்த உத்தரவை டெக்சாஸ் நீதிமன்றத்தில் பதிவு செய்து இங்கேயே வசூலிக்கலாம். பதிவு செய்தாயிற்று என்று உள்ளூர் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்ததும், 'ஆஹா, வழக்கு நம் ஊருக்கு வந்துவிட்டது' என்று மகிழ்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்தது வசூல் மட்டுமே. வசூலிக்கும் அதிகாரம் வேறு, மாற்றும் அதிகாரம் வேறு. பதிவை எதிர்க்கப் பொதுவாக 20 நாள் கெடு உண்டு. ஆனால் 'தொகை அதிகம்' என்பது எதிர்ப்புக்கு ஒரு காரணமே ஆகாது. சம்பளத்தில் பிடிப்பதற்கு இந்தப் பதிவுகூடத் தேவையில்லை. நியூ ஜெர்சியின் பிடித்தம் உத்தரவு நேராக டெக்சாஸ் நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு வந்தாலே போதும்.

இன்னொன்றும் சொன்னேன். டெக்சாஸ் கணக்கு மலிவு என்பது பாதி உண்மை. இங்கே ஒரு பிள்ளைக்கு 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 30 சதவீதம் என்று கட்டுபவரின் நிகர வருமானத்தை மட்டும் பார்த்து வாய்பாடு ஓடுகிறது. தாய் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது அதற்குள் வருவதில்லை. நியூ ஜெர்சியிலோ இருவர் வருமானத்தையும் கூட்டி, அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். இவருடைய முன்னாள் மனைவி இடையில் பதவி உயர்வு வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவருக்கு, தூரத்தில் இருக்கும் நியூ ஜெர்சிக் கணக்கே லாபமாக முடியலாம்.

மிச்சம் இருந்த உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்: நேராக நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் தானே மனு போடுவதா, அல்லது அரசின் பிள்ளைப் பராமரிப்புத் தொகை அலுவலகம் மூலமாகப் போவதா?

அலுவலக வழியின் பலம், செலவு மிகக் குறைவு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவருக்கு அதுவே பெரிய விஷயம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தொகையை மறுஆய்வு செய்யும்படி கேட்க மத்திய விதிகள் உரிமை தருகின்றன. நிலைமை கணிசமாக மாறினால் அதற்கு முன்பும் கேட்கலாம். பலவீனம், காலம். கோப்பு இங்கிருந்து அங்கு போக ஒரு கெடு, அங்கே வந்து சேர்ந்ததென்று ஒப்புக்கொள்ள ஒரு கெடு, பிறகு மறுஆய்வுக்கு 180 நாள். எல்லாரும் ஒழுங்காக வேலை செய்தாலே அரை ஆண்டுக்கு மேல் ஓடிவிடும். இதில் ஒரு சின்னச் சூட்சுமம்: சொந்த மாநில அலுவலகம் வழியாகப் போகாமல், உத்தரவு போட்ட மாநிலத்தின் அலுவலகத்துக்கே நேராக விண்ணப்பிக்கலாம், ஒரு மேசை குறையும். அலுவலகத்து வழக்கறிஞர் நம் வழக்கறிஞர் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மறுஆய்வில் கணக்கு மேலே போனால் மேலேதான் போகும். 'குறைக்கச் சொல்லித்தானே கேட்டேன்' என்று அப்போது சொல்லிப் பயனில்லை.

நேரடி மனுவுக்கு உழைப்பு அதிகம், ஆனால் கடிவாளம் நம் கையில். தூரம் ஒரு தடையே இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர் தொலைபேசியிலோ காணொலியிலோ சாட்சி சொல்ல நீதிமன்றம் அனுமதித்தே ஆக வேண்டும் என்று யூஇஃப்சா சொல்கிறது. நியூ ஜெர்சியில் வழக்கறிஞர் இல்லாதவரும் இணையம் வழியே மனுவைச் சமர்ப்பிக்கலாம். மெனக்கெட வேண்டியது வருமானம், செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதும் நீண்ட படிவத்தில்தான். காப்பீடு, கார்த் தவணை, செல்போன் என்று வரி வரியாகக் கேட்கும். நண்பர் முதலில் உணவுச் செலவை உத்தேசமாக எழுதினார். மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துத் திரும்ப எழுத வைத்தேன். வேலை போனதற்கான கடிதம், வேலையின்மை உதவித்தொகைக் காகிதம், இதோடு வேலை தேடிய பதிவேடு: எந்தத் தேதியில் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது. நீதிபதிகள் முதலில் கேட்பது 'இது தற்காலிகமா, நிரந்தரமா?' என்றுதான். வேண்டுமென்றே வேலையை விட்டவர் என்று தோன்றினால், வராத சம்பளத்தை வந்ததாகவே வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தப் பதிவேட்டில் ஏழு பக்கங்கள் இருந்தன.

இந்த இரண்டில் என் ஓட்டு நேரடி மனுவுக்கே. காரணம் வேகம் மட்டுமல்ல, தேதி. 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்தியச் சட்டம், கெடு தாண்டிய ஒவ்வொரு தவணையையும் அந்த நிமிடமே தீர்ப்பான கடனாக்கிவிடுகிறது. நீதிபதி இரக்கப்பட்டாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனு நிலுவையில் இருக்கும் காலத்துக்கு, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்துதான் கை வைக்கலாம். சட்டத்துக்குப் பெயர் தந்த பில் பிராட்லி அப்போது நியூ ஜெர்சியின் செனட்டர். அதற்கு முன் நியூயார்க் நிக்ஸ் அணியின் கூடைப்பந்து வீரர். வேலை போய் ஆறு மாதம் கழித்து மனு போடுபவர், அந்த ஆறு மாதத்துக்குப் பழைய சம்பளக் கணக்கிலேயே கட்ட வேண்டும். அலுவலகத்தில் கோரிக்கை கொடுத்த நாள் வேறு, நீதிமன்றத்தில் மனு ஏறிய நாள் வேறு. இந்த இடைவெளிதான் பணம்.

அதனால்தான் வாய்ப்பேச்சு உடன்பாட்டை இருப்பதிலேயே மோசமான வழி என்பேன். 'இப்போதைக்குப் பாதி கொடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று முன்னாள் மனைவி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருக்கும். வசூல் கணக்கு நடத்தும் கணினிக்கு அந்த நல்ல மனம் தெரியாது. வாரா வாரம் 370 என்றே ஏற்றிக்கொண்டிருக்கும். அதே உடன்பாட்டை இருவரும் கையெழுத்திட்டு, நீதிபதியின் ஒப்புதலோடு ஒப்புதல் உத்தரவாக மாற்றினால், எல்லா வழிகளிலும் மலிவானதும் அமைதியானதும் அதுதான். பேச்சுவார்த்தையில் இருப்பவர்கள் அந்த ஒரு காகிதம் ஆகும்வரை ஓயக் கூடாது.

பாக்கி ஏறினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்கக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்படும். சம்பளத்தில் 65 சதவீதம்வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. தென் கரோலினாவில் வாரம் 51.73 டாலர் கட்டாத ஒருவருக்கு 12 மாதச் சிறை விதித்த வழக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படிப்பட்ட வழக்கில் அரசு செலவில் வழக்கறிஞர் கட்டாயம் கிடைக்கும் என்று அங்கேயும் சொல்லவில்லை.

மேசையில் இன்னொரு கேள்வியும் எழுந்தது: "அவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டால்?" முன்னாள் மனைவிக்கு ஃப்ரீமான்ட்டில் அக்கா இருக்கிறார்; வெறும் கற்பனை இல்லை. மூவருமே நியூ ஜெர்சியை விட்டுப் போய்விட்டால் ஆட்டம் மாறும். யார் மாற்றம் கேட்கிறாரோ அவர் எதிராளியின் ஊருக்குப் போக வேண்டும். இவர் குறைக்கக் கேட்டால் கலிஃபோர்னியாவில் உத்தரவைப் பதிவு செய்து அங்கே மனு. அவர் கூட்டக் கேட்டால் டெக்சாஸில். சொந்த மைதானச் சாதகம் கேட்பவருக்குக் கிடையாது. இதற்குப் பின்னால் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1978-இல் குல்கோ என்ற நியூயார்க் தந்தையின் வழக்கில், தாயிடம் போக விரும்பிய மகளுக்கு ஒருவழி விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்த காரணத்தால் மட்டும் அவர் மீது கலிஃபோர்னியாவுக்கு அதிகாரம் வந்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம்.

அந்தக் கலிஃபோர்னியா வழி இவருக்கு நல்லதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பிள்ளை யாரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. கோடையில் ஆறு வாரம் மட்டும் மகளோடு இருக்கும் தந்தைக்கு அது கைகொடுக்காது. எத்தனை வயதுவரை கட்டுவது என்பது மட்டும் மாறாது. அது முதல் உத்தரவு போட்ட மாநிலத்தின் சட்டப்படியே. நியூ ஜெர்சியில் பொதுவாக 19, படிப்புப் போன்ற காரணம் காட்டினால் 23வரை நீளலாம். மாநிலம் மாறிப் பதினெட்டில் முடித்துவிடலாம் என்ற கணக்கு பலிக்காது. வசிப்பிடத்தை மனு தாக்கலான நாளை வைத்தே பார்க்கிறார்கள் என்பதால், அவர்கள் கிளம்பும் முன் நியூ ஜெர்சியில் மனு ஏறிவிட்டால் அந்த மனு அங்கேயே நடக்கும். இருவரும் எழுத்தில் சம்மதித்து வழக்கை டெக்சாஸுக்கு மாற்றும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. சம்மதிக்க எதிராளிக்கு என்ன அவசியம் என்று கேட்டுவிட்டு அதை ஒதுக்கி வைத்தோம்.

எச்1பி வேலை விசாக்காரருக்கு வேலை போனால் இங்கே தங்கப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். 'ஊருக்கே போய்விட்டால் முடிந்தது' என்ற எண்ணம் நண்பருக்கும் ஒரு இரவு வந்திருக்கிறது. இந்தியா, பராமரிப்புத் தொகை வசூலுக்கான 2007-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்பை நம் ஊர் நீதிமன்றம் நேரடியாக நிறைவேற்றுவதும் இல்லை. ஆனால் கடன் அழியாது. சென்னைக் குடும்ப நீதிமன்றத்தால் நியூ ஜெர்சி உத்தரவைத் திருத்தவும் முடியாது. போவதானாலும் மனு போட்டுவிட்டுப் போவது நல்லது; காணொலிக்குக் கடல் குறுக்கே நிற்பதில்லை.

அன்று மாலையே படிவத்தைத் தொடங்கினோம். செவ்வாய்க்கிழமை மனு ஏறியது. விசாரணை அறிவிப்பில் காலை ஒன்பது மணி என்று இருந்தது. அது கிழக்கு நேரம், இங்கே எட்டு என்பதை முதல் நாள் இரவுதான் கவனித்தார். அதற்குள் சற்றுக் குறைந்த சம்பளத்தில் வேலையும் கிடைத்திருந்தது. வாரம் 265 டாலர், மனுவின் தேதியிலிருந்து என்று உத்தரவானது. பிப்ரவரி, மார்ச் ஒன்பது வாரங்களுக்கு, தொலைபேசியில் பேசிக்கொண்டபடி அவர் பாதிதான் கட்டியிருந்தார். அந்த 1,665 டாலர் பாக்கியில் ஒரு சென்ட்டும் குறையவில்லை. வாரம் 25 டாலராக அதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.